கரும்புத் தோகை ஊறுகாய்த் தீவனம்

கரும்புத் தோகை ஊறுகாய்த் தீவனம் என்பது, கரும்பு வெட்டும்போது கழிக்கப்படும் பச்சை நுனிப்பகுதியைச் சிறிதாக நறுக்கி, காற்றுப் புகாதபடி அழுத்தி மூடி, புளிக்கவைத்துச் சேமிக்கும் மாட்டுத்தீவனமாகும். சைலேஜ் எனப்படும் இந்த முறையை வேளாண் நூல்கள் ஊறுகாய்ப் புல், பதனத் தீவனம் என்ற பெயர்களிலும் குறிப்பிடுகின்றன. மக்காச்சோளம், சோளம், கம்பு நேப்பியர் ஆகியவற்றில் செய்யப்படும் சைலேஜ் பலரும் அறிந்தது. கரும்பில் செய்வது அவ்வளவாகப் பழக்கத்தில் இல்லை. செய்ய விரும்புகிறவர்களும் தோகையையும் முழுக் கரும்பையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். தோகையை மூடிவைத்தால் கிடைப்பது நல்ல தீவனம். முழுக் கரும்பை அப்படியே மூடிவைத்தால் கிடைப்பது சாராய வாடையடிக்கும், எடை குறைந்த சக்கை. இந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பதும், திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியைச் சுற்றியுள்ள ஊர்களில், ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

தோகையும் சோகையும்

கரும்பின் உச்சியில் உள்ள குருத்து, அதைச் சூழ்ந்த பச்சை இலைகள், அவற்றுக்குக் கீழே முற்றாத சில கணுக்கள் ஆகியவை சேர்ந்ததே தோகை. கொழுந்தாடை என்றும் சொல்வதுண்டு. அடி இலைகள் காய்ந்து தொங்கும் சருகுக்குச் சோகை என்று பெயர். ஓர் எழுத்துதான் வேறு. தீவனக் கணக்கில் இரண்டுக்கும் வெகுதூரம். சோகையில் போதிய நீரும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அது புளிக்காது. நிலத்துக்கு மூடாக்காகப் போடுவதே அதற்குச் சரியான பயன்.

ஆலைக்குத் தோகை வேண்டாம். முற்றாத கணுக்களில் சுக்ரோஸ் குறைவாகவும், குளுக்கோஸ், பிரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகள் கூடுதலாகவும் இருக்கும். இவை சாற்றில் கலந்தால் சர்க்கரை படிகமாவது தடைப்படும். அதனால் வெட்டும் ஆட்கள் நுனியைச் சீவி வயலிலேயே போட்டுவிடுகிறார்கள். கழிக்கப்படும் தோகை, வெட்டும் கரும்பின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருக்கும். ஏக்கருக்கு 40 டன் கரும்பு விளைந்தால் 6 முதல் 7 டன் தோகை. அதில் சிறிது பக்கத்து மாடுகளுக்குப் போகிறது. மிச்சம் இரண்டு மூன்று நாளில் காய்ந்து, சோகையோடு சேர்த்துக் கொளுத்தப்படுகிறது.

பச்சைத் தோகையில் சுமார் 70 விழுக்காடு நீர். மீதமுள்ள உலர்பொருளில் புரதம் 5 அல்லது 6 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு நார். வைக்கோலின் புரதம் 3 அல்லது 4 விழுக்காடுதான். ஆகவே தோகை வைக்கோலைவிட மேல். நல்ல பசும்புல்லைவிடவும் பயறுவகைத் தீவனத்தைவிடவும் கீழ்.

திருவள்ளூர் மாவட்ட நிலை

இம்மாவட்டத்தில் கரும்பு பெரும்பாலும் மேற்கே, திருத்தணி, பள்ளிப்பட்டு, திருவாலங்காடு வட்டாரங்களில் பயிராகிறது. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் உள்ளது. கிழக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெல்தான் முதன்மை. அங்கே மாட்டுக்கு அடிப்படைத் தீவனம் வைக்கோல். பசுமைக்கு வரப்புப் புல்லும் ஏரிக்கரைப் புல்லும்.

மேய்ச்சல் நிலம் குறைந்துவருவது கிழக்குப் பகுதியின் தனிச் சிக்கல். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்குப் பிறகு தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது. அந்த நிலம் தங்கள் மாடுகள் மேய்ந்த நிலம் என்று கூறி ஊர்மக்கள் நெடுநாள் போராடினார்கள். தொழிற்சாலை வந்ததால் வேலை கிடைத்ததும் உண்மை, மாட்டை ஓட்டிச்செல்ல இடம் சுருங்கியதும் உண்மை. மேய்ச்சல் இல்லாத வீட்டில் மாடு கட்டுத்தறியிலேயே நிற்கிறது. அதற்கு ஆண்டு முழுதும் யாராவது தீவனம் கொண்டுவந்து போடவேண்டும்.

பருவமும் ஒத்துவருவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மார்கழி, தை மாதங்களில் புல்லுக்குக் குறைவில்லை. கரும்பு வெட்டும் பொதுவாக அந்த நேரத்தில்தான் தொடங்கிப் பங்குனி வரை நீள்கிறது. தட்டுப்பாடு வருவது சித்திரையிலிருந்து ஆடி வரை. தோகை மலிந்து கிடக்கும்போது தேவை இல்லை. தேவைப்படும்போது தோகை இல்லை. ஊறுகாய்த் தீவனத்தின் முழுப் பயனும் இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் இருக்கிறது. தீவன ஆராய்ச்சிக்கும் இம்மாவட்டம் புதிதல்ல. செங்குன்றத்துக்கு அருகே அலமாதியில் மத்திய அரசின் வட்டாரத் தீவன நிலையமும், முர்ரா எருமைகளை வளர்க்கும் மத்தியக் கால்நடைப் பண்ணையும் உள்ளன. பக்கத்தில் மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

மூடிய குழிக்குள் நடப்பது

பசுந்தீவனத்தைக் குழியில் மூடிவைக்கும் முறையை நூலாக எழுதிப் பரப்பியவர் பிரான்சு நாட்டு உழவர் ஆகஸ்ட் கோஃபார். மக்காச்சோள சைலேஜ் பற்றிய அவருடைய நூல் 1877இல் வெளிவந்தது. பின்னாளில் ஃபின்லாந்தின் ஏ. ஐ. விர்த்தனேன், தீவனத்தை அமிலத்தால் கெடாமல் காக்கும் முறையைக் கண்டறிந்தார். 1945ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அப்பணி தனியே குறிப்பிடப்பட்டது. மாட்டுத்தீவனம் நோபல் பரிசு வரை போயிருக்கிறது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். ஆனால் அது பதிவான செய்தி.

வேதியியல் எளிமையானது. நறுக்கிய தோகையை அழுத்தி மூடியதும், உள்ளே எஞ்சிய காற்றை இலைகளின் உயிரணுக்களும் நுண்ணுயிரிகளும் சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகின்றன. காற்றில்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும். தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்தவை இவை. தோகையின் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு 4 அல்லது 4.2 வரை இறங்கியதும் அழுகலை உண்டாக்கும் பாக்டீரியா செயலற்றுப்போகும். மாங்காய் ஊறுகாய் கெடாமல் இருப்பதிலும் அமிலத்துக்குப் பங்கு உண்டு. ஊறுகாய்ப் புல் என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

எடைக் கணக்கைக் கவனிக்கவேண்டும். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் லாக்டிக் அமிலமானால் கிடைப்பது 180 கிராம் லாக்டிக் அமிலம். இழப்பு இல்லை. இதே 180 கிராமை ஈஸ்ட் உண்டால் கிடைப்பது 92 கிராம் எத்தில் ஆல்கஹால். 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். ஏறக்குறைய பாதி.

முழுக் கரும்பின் சிக்கல்

கரும்புத் தண்டின் உலர்பொருளில் ஐந்தில் இரண்டு பங்கு வரை சர்க்கரை. ஊறுகாய்த் தீவனத்துக்குச் சர்க்கரை தேவை என்பதால், இது மிக நன்றாகப் புளிக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். புளிக்கவும் செய்கிறது. ஓரிரு நாளில் பி.எச். நன்றாக இறங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகும் உள்ளே ஏராளமான சர்க்கரை மிச்சமிருக்கும். புல்லில் அப்படி மிச்சமிருப்பதில்லை. லாக்டிக் பாக்டீரியா தான் உண்டாக்கிய அமிலத்தாலேயே சோர்ந்துபோகும், ஈஸ்ட் சோர்வதில்லை. அமிலத்தையும் தாங்கும், காற்றில்லாமலும் வாழும். மிஞ்சிய சர்க்கரை அதன் பங்காகிறது. பிரேசிலில் செய்த ஆய்வுகளில், எதுவும் சேர்க்காத முழுக் கரும்பு சைலேஜில் உலர்பொருளின் கால் பங்கும் அதற்கு மேலும் இழப்பானது பதிவாகியுள்ளது. ஒரு டன் கரும்பில் 300 கிலோ உலர்பொருள் என்று கொண்டால், 75 கிலோ காணாமல் போகிறது. போவது எளிதில் செரிக்கும் சர்க்கரை. தங்குவது செரிக்காத நார்.

இதற்குப் பிரேசிலில் பல தீர்வுகளை முயன்றார்கள். லாக்டோபாசில்லஸ் புக்னெரி என்ற பாக்டீரியாவைச் சேர்ப்பது ஒன்று. அது லாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை அசெட்டிக் அமிலமாக மாற்றும். அசெட்டிக் அமிலம் ஈஸ்ட்டை அடக்கும். சுட்ட சுண்ணாம்பு, யூரியா ஆகியவற்றைச் சேர்ப்பதும் உண்டு. இவற்றைவிட அங்கே உழவர்களிடம் பரவிய வழி மிக எளிது: கரும்பை மூடிவைக்காமல் அன்றாடம் வெட்டி நறுக்கி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் யூரியாவும் சிறிது அம்மோனியம் சல்பேட்டும் கலந்த கலவையைக் கரைத்துத் தெளித்துக் கொடுப்பது. கரும்பு நிற்கும் வரை வயலே களஞ்சியம் என்பது அவர்கள் கணக்கு. கியூபாவில் கரும்பைத் திறந்தவெளியில் நொதிக்கவைத்து உலர்த்தி, சக்கரினா என்ற தீவனமாக்கினார்கள். நம் நாட்டில் மகாராட்டிரத்தின் வறட்சிக்காலத் தீவன முகாம்களில் முழுக் கரும்பை நறுக்கிப் போட்டு மாடுகளை உயிர்பிழைக்க வைத்திருக்கிறார்கள். அது பால் கறக்கும் தீவனம் அல்ல, உயிர் காக்கும் தீவனம்.

விலையும் பார்க்கவேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய், கட்டுமானம் 9.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் 329 ரூபாய் 5 காசு. கிலோ மூன்றரை ரூபாய் பெறும் பொருளைக் குழியில் போட்டு, அதன் நல்ல பகுதியைக் காற்றில் விடுவதில் எந்த ஆதாயமும் இல்லை. தண்டு ஆலைக்குப் போகட்டும். தோகை மாட்டுக்கு வரட்டும். தோகையில் சர்க்கரை அளவாக இருப்பதால் லாக்டிக் பாக்டீரியா அதைத் தீர்த்துவிடுகிறது. ஈஸ்ட்டுக்கு விருந்து குறைவு. வெல்லமோ மொலாசஸோ தனியே சேர்க்கவும் வேண்டியதில்லை. சர்க்கரை குறைந்த புல்வகைகளுக்குத்தான் அவை தேவை.

மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். இரண்டு ஒரே அளவான பிளாஸ்டிக் பாட்டில்களில், ஒன்றில் நறுக்கிய தோகையும் மற்றொன்றில் நறுக்கிய கரும்புத் துண்டுகளும் சம எடையில் அழுத்தி நிரப்பி, வாயில் பலூனை இறுக்கிக் கட்டி நிழலில் வைக்கவேண்டும். மூடியைத் திருகி அடைக்கக் கூடாது. வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கலாம். ஒரு வாரம் பலூன்களைக் கவனித்து, முடிவில் வாடையையும் பி.எச். தாளின் நிறத்தையும் ஒப்பிட்டால், மேலே சொன்ன கணக்கு கண்முன்னே நிற்கும். பொங்கல் முடிந்த வாரத்தில் இரண்டு பொருளும் எந்த வீட்டிலும் கிடைக்கும்.

தயாரிக்கும் முறை

தோகை வெட்டிய அன்றோ மறுநாளோ நறுக்கப்படவேண்டும். மூன்று நாள் வெயிலில் கிடந்தது பயன்படாது. மண் ஒட்டிய தோகையை ஒதுக்கவேண்டும். மண்ணோடு அழுகல் பாக்டீரியாவும் உள்ளே போகும். சாஃப் கட்டரில் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கினால் நன்றாக அமுங்கும். நீளத் துண்டுகளுக்கிடையே காற்று தங்கும்.

ஈரத்தைக் கையாலேயே அறியலாம். நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால், உருண்டை மெல்ல மெல்ல விரியவேண்டும். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். சில மணி நேரம் நிழலில் வாட்டவேண்டும். உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. சிறிது தண்ணீர் தெளிக்கவேண்டும்.

பிறகு அரை அடி அரை அடியாகப் பரப்பி மிதிக்கவேண்டும். இந்த வேலையில் குறுக்குவழி கிடையாது. மிதித்தது போதும் என்று தோன்றியபின் இன்னும் கொஞ்ச நேரம் மிதிக்கவேண்டும் என்பேன். ஒன்றிரண்டு நாளுக்குள் நிரப்பி முடித்து, மேலே தடித்த பாலிதீன் தாள் போர்த்தி, மண் மூட்டையோ பழைய டயரோ வைத்துப் பாரம் ஏற்றவேண்டும். எலி கடித்த ஓட்டை ஒன்று போதும், அதைச் சுற்றி ஓர் அடி பூஞ்சை பிடிக்க. 45 நாள் கழித்துத் திறக்கலாம். திறக்காவிட்டால் பல மாதம் கெடாது.

குழி எங்கே என்பதற்கு இம்மாவட்டத்தில் ஒரே விடை இல்லை. திருத்தணிப் பக்கத்து மேட்டு நிலத்தில் குழி வெட்டலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டியின் கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் மேலே இருக்கும். அங்கே குழி வெட்டினால் ஊறுகாய்க்குப் பதில் சேறு கிடைக்கும். தரைக்கு மேலே குவித்து மூடுவதோ, மூட்டையில் அடைப்பதோதான் அங்கே சரி. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஆழக்குழி எங்கேயும் வேண்டாம். புளிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு அடியில் தங்கும். இறங்குகிறவருக்கு மூச்சு முட்டும்.

இரண்டு மாட்டுக்காரரின் கணக்கு

கையேடுகள் பெரும்பாலும் பெரிய பண்ணையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிறு குடும்பத்துக்கு அந்த அளவுகள் பொருந்தா. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கன மீட்டரில் சுமார் 500 கிலோ தோகை அடங்கும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குழியில் ஏறக்குறைய 6.8 கன மீட்டர், 3.4 டன் பிடிக்கும். அரை ஏக்கர் கரும்பின் தோகை இதற்குப் போதும். இரண்டு மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ வீதம் 90 நாளுக்கு 2.7 டன் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் சரியாக இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் திறந்த தீவனம் காற்றுப் பட்டதும் கெடத் தொடங்கும். அதற்குள் அடுத்த அடுக்கு வெட்டப்படவேண்டும். நம் வெயிலில் நாள்தோறும் முகப்பிலிருந்து அரை அடி எடுத்தாகவேண்டும். 6 அடிக்கு 4 அடி முகப்பில் அரை அடி என்றால் 170 கிலோ. இரண்டு மாடு தின்பதோ 30 கிலோ. நாளைக்கு ஓர் அங்குலம்தான் குறையும். முகப்பு முழுதும் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் குழி பத்து மாட்டுக்கு ஏற்றது, அதுவும் 20 நாளுக்கு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஐந்தாறு உறுப்பினர்கள் சேர்ந்து அடுத்தடுத்து நான்கைந்து குழி போட்டு, ஒன்று தீர்ந்தபின் மற்றொன்றைத் திறந்தால் மூன்று மாதமும் ஓடும். தனிக்குடும்பத்துக்கு மூட்டையோ பீப்பாயோதான் வழி. உள்ளே பாலிதீன் உறை வைத்த 50 கிலோ மூட்டை, இரண்டு மாட்டுக்கு இரண்டு நாளுக்குள் தீரும். 200 லிட்டர் பீப்பாயில் 100 கிலோ அடங்கும்; மூன்று நாளைக்கு வரும். கெடுவதற்கு நேரமே இருக்காது.

மூட்டைக்கு இன்னொரு சாதகமும் உண்டு. தோகையில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். நறுக்காத தோகையை வண்டியில் குவித்துத் திருவாலங்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தால், காற்றையும் தண்ணீரையும் ஏற்றிவருகிறோம் என்றுதான் பொருள், வந்துசேர்வதற்குள் வாடியும்விடும். கரும்பு வயலருகிலேயே நறுக்கி மூட்டையில் அழுத்திக் கட்டினால் அதே வண்டியில் பல மடங்கு எடை ஏறும், வழியிலேயே புளிக்கவும் தொடங்கும். ஆனாலும் வண்டிச் செலவைப் போட்டுப் பார்த்து, உள்ளூர்ச் சோளத் தட்டையின் விலையோடு ஒப்பிட்டபிறகே முடிவு செய்யவேண்டும். மேற்கு வட்டாரத்துக்கு இத்தீவனம் ஐயமின்றி லாபம். கிழக்கே தூரத்தைப் பொறுத்தது.

பழைய பீப்பாய்கள்

தொழிற்பகுதியை ஒட்டிய ஊர்களுக்கு மட்டுமான எச்சரிக்கை இது. தீவனக் கையேடுகளில் காணப்படாதது. தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஊறுகாய்த் தீவனத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். முன்பு அவற்றில் என்ன இருந்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. அமிலம், கரைப்பான், சாயம், பூச்சிமருந்து எதுவாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறிய வேதிப்பொருள் சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுதும் போகாது. பி.எச். 4 உள்ள ஈரத் தீவனம் மாதக்கணக்கில் அதனுள் கிடக்கும்போது ஊறியது தீவனத்துக்கு வரும். மாட்டின் உடலுக்குள் போகும் பல நச்சுப்பொருள்கள் பாலிலும் வெளிப்படும். அந்தப் பாலைக் கன்றும் குடிக்கிறது, வீட்டுக் குழந்தையும் குடிக்கிறது.

தீங்கான வேதிப்பொருள் ஒட்டிய காலிக் கலன்களை 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளே அபாயக் கழிவாகப் பட்டியலிட்டுள்ளன. எனவே உணவு எண்ணெய், பழக்கூழ், ஊறுகாய் போன்றவை வந்த பீப்பாய் என்று பெயர்ச்சீட்டு தெளிவாக இருந்தாலொழிய வாங்கக் கூடாது. சீட்டு கிழிந்திருந்தால் அதுவே போதிய காரணம். உரமூட்டை, பூச்சிமருந்து வந்த பை ஆகியவற்றுக்கும் இதே விதி. தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்துப் புல்லைத் தோகையோடு கலந்து நிரப்புவதும் கூடாது.

மாட்டுக்குக் கொடுப்பது

முதல் நாள் இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி, பத்து நாளில் 15 கிலோ வரை கூட்டலாம். புளிப்பு வாடைக்கு மாடு முதலில் முகம் திருப்பும்; மேலே சிறிது தவிடு தூவினால் பழகிக்கொள்ளும். கறவை முடிந்தபிறகே கொடுக்கவேண்டும். கறவைக்கு முன் கொடுத்தால் பாலில் வாடை ஏறும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது வேண்டாம்.

இதை மட்டும் போட்டால் பால் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 15 கிலோ ஊறுகாய்த் தீவனத்தில் உலர்பொருள் சுமார் 4.5 கிலோ. அதில் 5 விழுக்காடு புரதம் என்றால் 225 கிராம். 400 கிலோ எடையுள்ள, 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு, உடலைக் காக்க 300 கிராமுக்குச் சற்று மேலும், லிட்டருக்கு ஏறக்குறைய 90 கிராம் வீதம் பாலுக்கு 720 கிராமும் ஆக நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்குப் புரதம் தேவை. நான்கில் ஒரு பங்குகூடத் தோகையிலிருந்து வரவில்லை.

மாட்டின் முதல் இரைப்பையான ரூமனில் வாழும் நுண்ணுயிரிகள்தாம் நாரைச் செரிக்கின்றன. அவை பெருக ஆற்றலும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும், இரண்டும் ஒரே வேளையில் வேண்டும். தோகை முதலாவதைத் தருகிறது. இரண்டாவது இல்லாவிட்டால் செங்கல் குவிந்துகிடந்தும் சாந்து இல்லாத கதைதான். நார் செரிக்காமல் தங்கும், மாடு தின்பதும் குறையும். இம்மாவட்டத்தில் இதற்கு நல்ல துணை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேற்கு வட்டாரங்களில் வேர்க்கடலை பயிராகிறது. வேர்க்கடலைக் கொடியில் தோகையைப்போல் இரு மடங்கு புரதம். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல். வரப்பில் நான்கு அகத்தி, வேலியோரம் கிளைரிசிடியா, கால் சென்ட் இடத்தில் வேலிமசால் இருந்தாலும் பிண்ணாக்குச் செலவு குறையும். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்ந்தது. 2023 டிசம்பர் முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த 38 ரூபாயில் பெரும்பங்கைத் தின்பது அடர்தீவனச் செலவுதான் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தோகையில் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு. அது கால்சியத்தைப் பிணைத்து உடலுக்குச் சேராமல் செய்யும். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்தால் இக்குறை தீரும். இதைத் தவறவிட்டால் கன்று ஈன்ற மாடு எழமுடியாமல் படுக்கும் வாய்ப்பு கூடும்.

புரதக் குறையை யூரியாவால் நிரப்பலாம் என்பது ஆய்வுநிலையங்களில் மெய்ப்பிக்கப்பட்டது. நூறு கிலோ தோகைக்கு அரை கிலோ என்ற அளவில் கரைத்துத் தெளித்து மூடுவது வழக்கம். வீட்டில் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் கட்டியாகத் தங்கிய யூரியாவை மாடு தின்றால் ரூமனில் அம்மோனியா பெருகி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் நுரை தள்ளி, நடுங்கி விழும். பிண்ணாக்கில் மிச்சம்பிடிக்கப் போய் மாட்டை இழப்பது கணக்கில் வராது. கால்நடை மருத்துவர் நேரில் காட்டித் தந்தால் மட்டுமே செய்யலாம்.

கெட்டதை அறிதல்

நல்ல ஊறுகாய்த் தீவனம் மஞ்சள் கலந்த பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ, புளித்த பழ வாடையுடன் இருக்கும். இலைநரம்பு தெளிவாகத் தெரியும். வெண்ணெய் கெட்ட நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்து பியூட்ரிக் அமிலம் உண்டாகியிருக்கிறது. கருகிய வெல்ல வாடையும் கரும்பழுப்பும் இருந்தால் காற்றுப் புகுந்து சூடேறியிருக்கிறது. மாடு ஆவலாகத் தின்னும், ஆனால் புரதம் செரிக்காது. சாராய வாடை தூக்கலாக இருந்தால், தோகையோடு தண்டு அதிகம் சேர்ந்துவிட்டது. வெள்ளை, நீலம், கருப்புப் பூஞ்சை கண்ட பகுதியை அரை அடி சுற்றளவோடு வெட்டி எறியவேண்டும். சினைமாட்டுக்குப் பூஞ்சைத் தீவனம் கருச்சிதைவையும் உண்டாக்கலாம்.

தோகையோடு ஆலைக்குப் போகாத கரும்பும் கிடைத்தால், அதை நிறைய நறுக்கிப் போட ஆசை வரும். மாட்டுப் பொங்கலன்று அளவுக்கு மீறிப் பொங்கல் ஊட்டப்பட்ட மாடுகள் மறுநாள் வயிறு உப்பி, அசை போடாமல் நிற்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். எளிதில் செரிக்கும் மாவோ சர்க்கரையோ திடீரென மிகுந்தால் ரூமனில் அமிலம் பெருகுவதே அதற்குக் காரணம். கரும்பிலும் அதே ஆபத்து உண்டு. தீனி எடுக்காமல், மூச்சிரைத்து, சாணம் நீராகப் போனால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 எண்ணையோ அழைக்கவேண்டும்.

கரும்பு வெட்டும் இயந்திரங்கள் பெருகிவருவது இத்தீவனத்துக்கு ஒரு புதிய தடை. இயந்திரம் நுனியைச் சிதைத்து வயல் முழுதும் இறைத்துவிடும். மண் கலந்த அந்தத் தூளைத் திரட்டித் தீவனமாக்க முடியாது. தோகை வேண்டுவோர், ஆட்களைக் கொண்டு வெட்டும் வயல்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவேண்டும். கெட்டுப்போய் ஒதுக்கிய தீவனத்தை எருக்குழியில் போட்டு, ஆடு கோழிகள் கிளறாதபடி மேலே மண் தள்ளிவிடலாம். அடுத்த பட்டத்துக்குள் மக்கி எருவாகும்.